ஒன்பதாயிரம் வரி யுனிக்ஸ்: சிமுலேட்டர் பி.டி.பி-11இல் ஆறாம் பதிப்பு

1975 மே மாதம் பெல் லேப்ஸ் வெளியிட்ட யுனிக்ஸ் ஆறாம் பதிப்பை, சிம்எச் சிமுலேட்டருக்குள் ஓடும் ஒரு பி.டி.பி-11/40இல் டேப்பிலிருந்து நிறுவி, கர்னலை (ஓ.எஸ்.ஸின் மையப் பகுதியை) திருத்தித் திரும்பக் கட்டுவது வரை கொண்டுபோன கதை இது. யாரோ தயார் செய்துவைத்த டிஸ்க் படிமத்தை இறக்கி நாலு கட்டளை கொடுத்தால் லாகின் வந்துவிடும். பலர் அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அது பெரிய இழப்பு என்பது என் கருத்து. இந்த ஓ.எஸ்.ஸை ஓட்டும்போது கண்ணில் படும் விசித்திரம் ஒவ்வொன்றுக்கும் சோர்ஸில் ஒரு குறிப்பிட்ட வரி காரணமாக இருக்கிறது. கர்னல் மொத்தமே சுமார் 9,000 வரி என்பதால் அந்த வரியைத் தனியாளாகத் தேடிப் பிடித்துவிட முடியும். லினக்ஸிலோ விண்டோஸிலோ இது நடக்காது.

எந்திரத்தையும் உரிமத்தையும் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1970இல் கொண்டுவந்த 16 பிட் மினி கம்ப்யூட்டர் வரிசை பி.டி.பி-11. அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்த பாப் சுப்னிக் 1993இல் எழுதத் தொடங்கியது சிம்எச். யுனிக்ஸின் பழைய பதிப்புகளை 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் திறந்த உரிமத்தில் விட்டது. அதனால் இன்று யாரும் இவற்றைச் சட்டப்படி எடுத்து ஓட்டலாம், படிக்கலாம், திருத்தலாம். டேப் படிமங்கள் அழிந்துபோகாமல் கிடைப்பதற்கு ஆஸ்திரேலியாவின் வாரன் டூமி தொடங்கி நடத்திவரும் யுனிக்ஸ் பாரம்பரிய சங்கம் காரணம். படிப்பதற்குத் துணை ஜான் லயன்ஸின் உரை. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் தன் மாணவர்களுக்காக இதே ஆறாம் பதிப்பின் கர்னலை வரி எண் போட்டு அச்சடித்து, கூடவே விளக்கமும் எழுதினார். அடுத்த பதிப்பின் உரிமம் சோர்ஸை வகுப்பில் பாடமாக வைப்பதைத் தடுத்துவிட்டதால், 1996 வரை அது நகல் எடுத்த தாள்களாகவே கைமாறிக்கொண்டிருந்தது.

இனி வரும் முகவரிகளும் எந்திர எண்களும் ஆக்டலில், அதாவது எட்டை அடியாகக் கொண்ட எண்முறையில். பி.டி.பி-11 ஆட்கள் அப்படித்தான் பேசுவார்கள். டிஸ்க் அளவு, நேரக் கணக்கு போன்றவை வழக்கமான எண்ணிலேயே இருக்கின்றன.

ஆறு சொல் பூட் ப்ரோகிராம்

சிமுலேட்டருக்குச் சொல்ல வேண்டியவை கொஞ்சம்தான்: சி.பி.யு. 11/40, நினைவகம் 18 பிட் முகவரிக்குள் முடிந்த அளவு, ஆர்கே வகை டிஸ்க் ஒன்று, டிஎம் வகை டேப் ஒன்று. ஆனால் டேப்பிலிருந்து பூட் செய்வதற்கு அந்தக் கால நிறுவல் குறிப்பு சொல்லும் வழியில் போவதே சரி என்று நினைக்கிறேன். எந்திரத்தின் முன்பலகையில் சுவிட்சுகளைத் தூக்கி இறக்கி, 100000 என்ற முகவரியிலிருந்து ஆறு எண்களை ஏற்றச் சொல்கிறது அது. சிம்எச்சில் டெபாசிட் கட்டளையால் அதையே செய்யலாம்:

012700
172526
010040
012740
060003
000777

இந்த ஆறு சொல்லை (16 பிட் எண் ஒவ்வொன்றும் பி.டி.பி-11இல் ஒரு 'சொல்') நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். முதல் இரண்டும் சேர்ந்து 172526 என்ற எண்ணை ஆர்0 என்ற ரெஜிஸ்டரில் (சி.பி.யு.வுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்) வைக்கின்றன. டேப் கண்ட்ரோலரின் நினைவக முகவரி ரெஜிஸ்டர் இருக்கும் இடம் அது. பி.டி.பி-11இல் உள்ளீடு வெளியீட்டுக்கென்று தனிக் கட்டளை கிடையாது. கண்ட்ரோலர் ரெஜிஸ்டர்கள் எல்லாம் நினைவகத்தின் உச்சியிலுள்ள 8 கிலோபைட்டில் சாதாரண முகவரிகளாகத் தெரியும். மூன்றாவது சொல், ஆர்0வை இரண்டு குறைத்துவிட்டு, அப்படிக் கிடைத்த 172524 முகவரியில் ஆர்0வின் மதிப்பையே எழுதுகிறது. 172524 என்பது எத்தனை பைட் படிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ரெஜிஸ்டர். எண்ணிக்கையை எதிர்மறையாகக் கொடுக்க வேண்டும். அந்த மதிப்பை 16 பிட் எதிர்மறை எண்ணாகப் பார்த்தால் ஏறத்தாழ -2730. டேப்பின் ஒரு ரெக்கார்ட் 512 பைட்தான் என்பதால் இது தாராளம். முகவரியே எண்ணிக்கையாகவும் வேலை செய்துவிடுவதால் ஒரு சொல் மிச்சம். அடுத்த இரண்டு சொற்கள் மறுபடி இரண்டு குறைத்து, 172522இல் 'படி, தொடங்கு' என்ற ஆணையை வைக்கின்றன. கடைசிச் சொல் தன்னிடமே திரும்பத் தாவும் கட்டளை.

டேப் தன் பாட்டுக்கு முதல் ரெக்கார்டை முகவரி 0இல் கொண்டுவந்து போடும். சி.பி.யு. நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கண்ட்ரோல்-ஈ அழுத்தி நிறுத்தி, 0விலிருந்து ஓடச் சொன்னால் திரையில் ஒரு = குறி வரும். டேப் பூட் ஆகிவிட்டது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

டேப்பில் மொத்தம் 12,100 பிளாக்குகள். முதல் 100இல் பூட் ப்ரோகிராமும் தனித்து ஓடும் சிறு கருவிகளும், பிறகு 4,000 பிளாக் வீதம் மூன்று டிஸ்க் படிமங்கள்: ரூட், சோர்ஸ், ஆவணங்கள். = குறியில் டேப்பிலிருந்து ஆர்கேவுக்கு நகலெடுக்கும் கருவியின் பெயரைத் தட்டினால் மூன்று கேள்வி கேட்கும்: டிஸ்க்கில் எங்கே, டேப்பில் எங்கிருந்து, எத்தனை. முதல் முறை 0, 100, 1. அது பூட் பிளாக். டிஸ்க் வகைக்கு ஏற்ப மாறும் என்பதால் தனியாக எடுக்கப்படுகிறது. இரண்டாம் முறை 1, 101, 3999.

அதென்ன 4,000 என்று கேட்டால், அதற்கும் சோர்ஸில் பதில் உண்டு. ஆர்கே05 டிஸ்க்கில் 203 சிலிண்டர், இரண்டு பக்கம், பக்கத்துக்கு 12 செக்டர்: ஆக 4,872 பிளாக், ஏறத்தாழ இரண்டரை மெகாபைட். கர்னல் கட்டமைப்பு ஃபைலில் ஸ்வாப் (நினைவகத்தில் இடமில்லாத ப்ராசஸ்களை ஒதுக்கிவைக்கும் பகுதி) தொடங்கும் இடம் 4000 என்றும் அதன் நீளம் 872 என்றும் இரண்டே வரி இருக்கின்றன. ஃபைல் சிஸ்டம் முன்பகுதி, மிச்சம் ஸ்வாப். பார்ட்டிஷன் அட்டவணை என்று தனியாக எதுவும் இல்லை.

முதல் பூட், முதல் எண்

டிஸ்க்கிலிருந்து பூட் செய்தால் @ குறி வரும். அங்கே கர்னல் ஃபைலின் பெயரைத் தட்ட வேண்டும். தப்பான பெயர் கொடுத்தால் குறை எதுவும் சொல்லாது, மறுபடி @ காட்டும். 512 பைட் பூட் பிளாக்கில் பிழைச் செய்திக்கு இடம் எங்கே?

கர்னல் எழுந்ததும் நினைவகம் என்று ஒரு எண்ணைச் சொல்லும். என் அமைப்பில் 1035. கிலோபைட்டாகவும் தெரியவில்லை, பிளாக்காகவும் தெரியவில்லை. கர்னலின் மெயின் செயற்கூற்றைப் பார்த்தால், காலியாக இருக்கும் 64 பைட் துண்டுகளின் எண்ணிக்கையை 5ஆல் பெருக்கி 16ஆல் வகுத்து அச்சடிக்கிறது. கணக்குப் போட்டால் இது கிலோ-சொல்லின் பத்தில் ஒரு பங்கு. 103.5 கிலோ-சொல் என்றால் 207 கிலோபைட். 18 பிட் முகவரிக்கு 256 கிலோபைட். அதில் உச்சியிலுள்ள 8 சாதனங்களுக்குப் போக 248. ஆக கர்னலுக்குச் செலவானது 41 கிலோபைட் அளவு.

இந்த 41க்கு ஓர் உச்சவரம்பும் இருக்கிறது. 11/40இல் 64 கிலோபைட் முகவரிப் பரப்பு எட்டு எட்டாக எட்டுத் துண்டுகள். கர்னலுக்கு முதல் ஆறு. கடைசித் துண்டு சாதனங்களுக்கு. ஏழாவது துண்டு, அதாவது 140000இல் தொடங்குவது, அந்த நேரத்தில் ஓடும் ப்ராசஸின் தனி விவரங்களும் கர்னல் ஸ்டாக்கும் இருக்கும் பகுதிக்கு. ப்ராசஸ் மாறும்போது கர்னலின் பக்கத்தில் மாறுவது இந்த ஒரு துண்டின் இலக்குதான். கர்னலில் எந்த இடத்திலிருந்து பார்த்தாலும் 'இப்போதைய ப்ராசஸ்' ஒரே முகவரியில் தெரியும். இவ்வளவு எளிமையாக ஒரு பல்பயனர் அமைப்பைக் கட்டியிருக்கிறார்களே என்று எனக்கு இன்னமும் வியப்பு. ஆனால் கர்னல் 48 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். டிஸ்க் பஃபர்கள் வெறும் 15 என்று வைத்திருப்பதன் காரணம் இந்த நெருக்கடிதான்.

உள்ளே போனதும் கையைப் பழக்க வேண்டியவை சில. டைரக்டரி மாற்ற சிடி கிடையாது, முழுசாக சிஎச்டிர் என்று தட்ட வேண்டும். ஓர் எழுத்தை அழிக்க # குறி, முழு வரியை அழிக்க @ குறி. எடிட்டர் எட் ஒன்றே. பிழை என்றால் ஒரு கேள்விக்குறி போடும். எல்லாமே காகிதத்தில் அச்சடிக்கும் டெலிடைப்புக்காக வந்தவை. அடித்த எழுத்தைக் காகிதத்திலிருந்து எடுக்க முடியாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் பழகிவிடும்.

நிறுத்தினால் எங்கே நிற்கிறது

சும்மா இருக்கும் எந்திரத்தைக் கண்ட்ரோல்-ஈ போட்டு நிறுத்தினால், சிம்எச் தான் நின்ற முகவரியையும் அடுத்து ஓடவிருந்த கட்டளையையும் காட்டும். ஸ்டாக்கிலிருந்து ஒரு சொல்லை எடுத்து 177776இல் வைக்கும் கட்டளைதான் அநேகமாக எப்போதும் வரும். தற்செயல் இல்லை. 177776 என்பது ப்ராசசர் நிலைச் சொல் இருக்கும் முகவரி. 11/40க்கான அசெம்பிளி ஃபைலில் ஐடில் என்ற செயற்கூறு ஐந்தே கட்டளை: நிலைச் சொல்லை ஸ்டாக்கில் வை, இன்டரப்ட் (சாதனங்களின் குறுக்கீடு) தடையை நீக்கு, காத்திரு, நிலைச் சொல்லைத் திரும்ப எடு, திரும்பிப் போ. யாரும் வேலை கேட்காதபோது கர்னல் மூன்றாவது கட்டளையில் உட்கார்ந்திருக்கிறது. நாம் பார்ப்பது நான்காவது.

இதனால் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு. காத்திரு என்ற அந்தக் கட்டளை இருப்பதால்தான் சிம்எச்சில் சி.பி.யு. ஐடில் அமைப்பைப் போட்டதும் மடிக்கணினியின் விசிறி அடங்குகிறது. போடாவிட்டால், எதுவும் செய்யாத பி.டி.பி-11 நம் ப்ராசசரில் ஒரு கோரை முழுசாகத் தின்றுகொண்டிருக்கும்.

50 ஹெர்ட்ஸ்

கர்னலைத் திரும்பக் கட்டுவது எளிது. சாதனப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஒரு சிறு ப்ரோகிராம் இரண்டு ஃபைல்களை எழுதித் தரும்: ஒன்று இன்டரப்ட் முகவரிகள், மற்றது சாதன அட்டவணை. அவற்றைக் கம்பைல் செய்து, கென், டிஎம்ஆர் என்ற இரண்டு டைரக்டரிகளிலிருந்து வந்த லைப்ரரிகளோடு இணைத்தால் புதுக் கர்னல் தயார். அந்தப் பெயர்கள் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி இருவரின் லாகின் பெயர்கள்.

நான் முதலில் தொட விரும்பியது கடிகாரத்தை. 11/40இன் கடிகார அட்டை மின்சாரத்தின் அலைவரிசையையே துடிப்பாக எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் நொடிக்கு 60. அதனால் பாராமீட்டர் ஃபைலில் 60 என்று எழுதியிருக்கிறது. நம் ஊரில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இதே டேப்பை இங்கே ஒரு நிஜ எந்திரத்தில் அப்படியே ஏற்றியிருந்தால், 60 துடிப்பு சேர 1.2 நொடி பிடிக்கும். ஒரு மணி நேரம் போனால் யுனிக்ஸ் 50 நிமிடம் என்று சொல்லும். சிம்எச்சில் கடிகாரத்தை 50 ஹெர்ட்ஸாக மாற்றும் வசதி இருப்பதால் இதை உட்கார்ந்த இடத்திலேயே சோதிக்கலாம். பாராமீட்டர் ஃபைலில் 60ஐ 50 ஆக்கி, அந்த எண்ணைப் பயன்படுத்தும் ஃபைல்களைக் கம்பைல் செய்து கர்னலை இணைத்தால் நேரம் ஒத்துப்போகும்.

அப்புறம் நேர மண்டலம். நேர மண்டலத்தைச் சொல்லும் சூழல் மாறியோ (environment variable) டேட்டாபேஸோ இல்லாத காலம். சி லைப்ரரியின் ஒரு ஃபைலில் 5*60*60 என்று எழுதியிருக்கிறது, நியூ ஜெர்சிக்கு அது போதும். இந்தியாவுக்கு -19800 என்று மாற்றி, கோடை நேரக் கொடியை 0 ஆக்கினேன். அந்த மாறி 16 பிட் முழு எண், எல்லை 32767. எனவே ஐந்தரை மணி நேரம் உள்ளே அடங்குகிறது. சிட்னியின் பத்து மணி நேரம் 36000 நொடி, அடங்காது. அதே ஃபைலில் 1974, 1975 ஆண்டுகளுக்கு மட்டும் கோடை நேரம் தொடங்கும் நாட்கள் தனி அட்டவணையாக உள்ளன. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அமெரிக்கா 1974 ஜனவரியிலேயே கடிகாரத்தை முன்னால் நகர்த்திய தடயம் அது.

பகிர்ந்துகொள்ளும் லைப்ரரி கிடையாது என்பதால் லைப்ரரியைத் திருத்தினால் மட்டும் போதாது. நேரம் காட்டும் ப்ரோகிராம்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்ட வேண்டும். டேட், எல்எஸ், மெயில், ஹூ, க்ரான் என்று நீளும் பட்டியல் அது. அலுப்பான வேலைதான். ஆனால் எந்த ப்ரோகிராம் எதை நம்பி ஓடுகிறது என்பது இந்த வேலையில் மனதில் பதிந்துவிடும்.

சிங்க் போடாமல் நிறுத்துவது

பழைய யுனிக்ஸை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை, நிறுத்துவதற்கு முன் சிங்க் கட்டளை (நினைவகத்தில் காத்திருப்பதை டிஸ்க்கில் எழுதச் சொல்வது) கொடு என்பது. ஏன் என்று பார்க்க, டிஸ்க் படிமத்தை நகல் எடுத்து வைத்துவிட்டு வேண்டுமென்றே மீறினேன். சில ஃபைல்களை நகலெடுத்த கையோடு சிமுலேட்டரை மூடிவிட வேண்டும். அப்டேட் என்ற பின்னணி ப்ராசஸ் 30 நொடிக்கு ஒரு முறை சிங்க் செய்வதால் அதற்குள் முந்த வேண்டும்.

திரும்ப பூட் செய்து, ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் ஐசெக்கை ஓட்டினால் கணக்கு இடிக்கும். எந்த ஃபைலிலும் இல்லாமல், காலிப் பட்டியலிலும் இல்லாமல் போன பிளாக்குகளால் தொல்லை இல்லை, இடம் மட்டும் வீண். ஒரே பிளாக் ஃபைலிலும் காலிப் பட்டியலிலும் சேர்ந்து இருந்தால் ஆபத்து. அடுத்து எழுதப்படும் ஃபைல் பழையதன் மேல் ஏறிவிடும்.

சரிசெய்யும் முறை புதியவர்களுக்குத் தலைகீழாகத் தோன்றும். ஐசெக்கைச் சரிசெய்யும் விருப்பத்தோடு ரூட் டிஸ்க்கின் மேல் ஓட்டியதும், சிங்க் கொடுக்காமல் உடனே எந்திரத்தை நிறுத்தி பூட் செய்ய வேண்டும். காரணம், கர்னல் சூப்பர்பிளாக்கின் (காலிப் பட்டியலின் தொடக்கம் இருக்கும் டிஸ்க் பிளாக்) ஒரு நகலை நினைவகத்தில் வைத்திருக்கிறது. ஐசெக் டிஸ்க்கில் புதுக் காலிப் பட்டியலை எழுதியது கர்னலுக்குத் தெரியாது. சிங்க் கொடுத்தால் நினைவகத்திலுள்ள பழைய, கெட்ட பட்டியல் புதியதன் மேல் எழுதப்பட்டுவிடும். எப்போதும் சிங்க் கொடு என்று மனப்பாடமாகச் செய்பவர் இங்கே டிஸ்க்கைக் கெடுப்பார். சூப்பர்பிளாக் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் காப்பாற்றுவார்.

ஜ தட்டினால் என்ன ஆகும்

நம் கேள்வி ஒன்று மிச்சம்: இந்த எந்திரத்தில் தமிழ் தட்டினால்? இன்றைய டெர்மினல் தமிழை யுடிஎஃப்-8இல் அனுப்பும். எழுத்துக்கு மூன்று பைட், மூன்றிலும் எட்டாவது பிட் 1. ஆறாம் பதிப்பின் டெர்மினல் நிரலில், உள்ளே வரும் எழுத்தை முதல் வேலையாக 0177ஓடு பிட் பிட்டாக 'அண்ட்' (AND) செய்து எட்டாவது பிட்டை வெட்டும் வரி இருக்கிறது. மிச்சம் என்னவாகும் என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டுவிடலாம்.

'ண' என்பது 340, 256, 243. வெட்டிய பின் 140, 056, 043. அதாவது ஒரு பின்மேற்கோள், ஒரு புள்ளி, ஒரு #. # அழிப்புக் குறி அல்லவா, அது புள்ளியை அழித்துவிடும். மிஞ்சுவது பின்மேற்கோள் ஒன்றே.

'ஜ' இன்னும் மோசம். 340, 256, 234 என்பது 140, 056, 034 ஆகும். 034 என்பது இந்தக் கர்னலில் க்விட் குறி. அது வந்ததும் அந்த டெர்மினலில் ஓடும் ப்ராசஸுக்கு சிக்னல் போகும். அந்த சிக்னலுக்கு ஏற்பாடு செய்துவைக்காத ப்ரோகிராம் தன் நினைவகத்தை கோர் என்ற ஃபைலில் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். ஷெல் அதைப் பொருட்படுத்தாததால் தப்பிக்கும். ஆனால் நாம் தட்டிய வரி போய்விடும்.

இந்தக் கர்னலை எழுதிய கென் தாம்ப்சனே 1992 செப்டம்பரில் ராப் பைக்கோடு சேர்ந்து யுடிஎஃப்-8ஐ வடிவமைத்தார் என்பதால் இந்த மோதல் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. இதைத் தீர்க்க வேண்டும் என்று நிரலைப் படித்துப் பார்த்தேன். உள்ளீட்டில் பிட் வெட்டும் வரியை எடுத்தால் போதாது. வெளியீட்டிலும் அதே வெட்டு உண்டு. அச்சுத் தலை எங்கே நிற்கிறது என்று கணக்கு வைக்கும் அட்டவணைக்கு 128 இடம்தான், அதற்கு மேல் போகாமல் தடுக்க வேண்டும். கடைசியாக டெர்மினலுக்கு எழுத்தை அனுப்பும் இடம்: அங்கே 0177ஐ விடப் பெரிய எண் வந்தால் அது எழுத்து அல்ல, 'இத்தனை துடிப்பு காத்திரு' என்ற குறிப்பு. டெலிடைப்பின் அச்சுத் தலை வரியின் தொடக்கத்துக்குத் திரும்பி வர அவகாசம் கொடுக்கும் ஏற்பாடு அது. சிமுலேட்டரில் திரும்பி வர அச்சுத் தலை இல்லாததால் அந்த ஏற்பாட்டையே எடுத்துவிடலாம்.

உள்ளீட்டு வரிசையில் வரியின் முடிவைக் குறிக்க 0377 என்ற பைட் பயன்படுகிறது. அதை மட்டும் மாற்றத் தேவையில்லை, யுடிஎஃப்-8இல் அந்த பைட் ஒருபோதும் வராது.

ஆக கர்னலில் நாலு இடம். அதன் பிறகும் ஷெல்லில் தமிழ் நேராக ஓடாது, ஏனென்றால் மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தை அடையாளம் வைக்க ஷெல் அதே எட்டாவது பிட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. எட் எடிட்டரும் பிட்டை வெட்டும். கேட் (cat) என்ற கட்டளை மட்டும் வந்த பைட்டை வந்தபடியே விடும். எனவே கர்னல் திருத்தம் முடிந்ததும் சிம்எச்சின் டெர்மினலை இரு பக்கமும் 8 பிட் ஆக்கிவிட்டு, கேட் வழியாக ஒரு ஃபைலுக்குள் தமிழ் வரியைத் தட்டி, அதை ஓடி (od) என்ற கட்டளையால் ஆக்டலில் கொட்டி, 340 256 234 அப்படியே விழுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் சோதனை. ஷெல்லும் எட் எடிட்டரும் அதற்குப் பிறகு.